மாஸி 1035-இல் கம்ப்ரஷன் குறைந்தால்: ஹெட்டைக் கழற்றுமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

காலையில் செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிப்பதில்லை. சைலன்சரில் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை. இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்தால் பிடித்துக்கொள்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்தும் காற்றின் சூடுதான் டீசலைப் பற்றவைக்கிறது; இந்த அழுத்தம்தான் கம்ப்ரஷன். அந்தக் காற்று எங்கோ கசிந்தால் சூடு போதாமல் டீசல் எரியாமலே வெளியேறும்.

கசிவது வால்விலா, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கிலா, ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மேல்மூடி) அடியில் உள்ள கேஸ்கெட் தகட்டிலா என்று ஹெட் இருக்கும்போதுதான் காற்று விட்டுச் சோதிக்க முடியும். ஆகவே ஸ்பேனரை ஹெட் நட்டில் வைக்காதீர்கள். மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின் பூட்டிய மாஸி ஃபெர்குசன் 1035-ஐ வைத்துச் சொல்கிறோம். மற்ற பழைய டிராக்டர்களுக்கும் முறை இதுதான்.

1. கம்ப்ரஷன்தான் குற்றவாளியா?

பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் நல்ல எஞ்சினும் பிடிக்காது. டீசல் லைனில் காற்று இருந்தால் எடுத்துவிடுங்கள். அடுத்து டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.30 மி.மீ., அதாவது 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு). இடைவெளியே இல்லாத வால்வு முழுதாக மூடாது. பல வண்டிகளில் கோளாறு இதோடு தீர்ந்துவிடும்.

எஞ்சின் எப்படியாவது ஓடுகிறதென்றால், ஐடிலில் இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. பீய்ச்சும் டீசலில் கை படக் கூடாது, அது தோலைத் துளைத்து உள்ளே போகும்.

2. கேஜ் வைத்து அளப்பது

1000 பிஎஸ்ஐ வரை காட்டும் டீசல் கேஜ் வேண்டும். பெட்ரோல் வண்டிக் கேஜ் தாங்காது. டீசலை நிறுத்தும் ஸ்டாப் நாபை இழுத்துவிட்டு, மூன்று இன்ஜெக்டர்களையும் கழற்றி, அடியில் உள்ள செம்பு வாஷர்களையும் எடுங்கள். துளையில் தூசி விழாமல் முதலிலேயே சுற்றிலும் துடைத்துவிட வேண்டும். அடாப்டரைப் புது வாஷரோடு இறுக்கி, ஐந்து விநாடி செல்ஃப் அடியுங்கள். அடுத்த சிலிண்டருக்குப் போகுமுன் மோட்டார் ஆற அரை நிமிடம் விடுங்கள்.

இந்த வகை எஞ்சினில் 350 முதல் 450 பிஎஸ்ஐ வந்தால் நல்லது. 300-க்குக் கீழே போனால் குளிரில் பிடிக்கத் தகராறு செய்யும். அளவைவிட முக்கியம் வித்தியாசம்: சிலிண்டருக்குச் சிலிண்டர் 50 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. மூன்றும் சமமாகக் குறைந்திருந்தால் பெரும்பாலும் தேய்மானம். ஒன்று மட்டும் படுத்திருந்தால் வால்வு, உடைந்த ரிங், அல்லது கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு ஒன்றாகப் படுத்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கும்.

சிலிண்டரில் ஆயில் ஊற்றி மறுபடி அளந்து, ஏறினால் ரிங் என்று முடிவு கட்டுவார்கள். பெட்ரோல் எஞ்சினில் அது சரி, இங்கே ஏமாற்றிவிடும். ஒரு சிலிண்டர் சுமார் 800 சிசி, பிஸ்டன் மேலே வந்ததும் மிஞ்சும் இடம் 50 சிசிக்கும் குறைவு. 5 மி.லி. ஆயிலே அந்த இடத்தைச் சுருக்கிவிடுவதால் நல்ல சிலிண்டரிலும் அளவு ஏறும். தவிர, ஆயில் பிஸ்டன் தலைக் குழியில் தங்கிவிடும், ரிங்குக்குச் சரியாகப் போகாது. அதிகமாக ஊற்றினால் கனெக்டிங் ராடு வளையும்.

3. காற்று விட்டுக் கேட்பது

நம்பத் தக்க சோதனை இதுதான். படுத்த சிலிண்டரின் பிஸ்டனை, இரண்டு வால்வும் மூடிய நிலையில், உச்சிக்குக் கொண்டுவாருங்கள். அப்போது அந்த இரண்டு ராக்கரும் கையால் ஆட்டினால் லேசாக ஆடும். டாப் கியர் போட்டு, பிரேக்கைப் பூட்டி, ஃபேன் பக்கம் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று எஞ்சினைச் சுற்றிவிடலாம். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து அடாப்டர் வழியாக 20 பிஎஸ்ஐயில் தொடங்கி 80 வரை மெதுவாக ஏற்றுங்கள்.

ஏர் கிளீனர் குழாயில் சீறினால் இன்டேக் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது ஹெட் விரிசல். பக்கத்து இன்ஜெக்டர் துளையில் வந்தால் கேஸ்கெட்தான். ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங் அல்லது லைனர் (பிஸ்டன் ஓடும் உட்குழாய்). ரிங் வழியே கொஞ்சம் காற்று நல்ல எஞ்சினிலும் போகும், அதனால் மற்ற சிலிண்டர்களையும் இதேபோல் கேட்டு ஒப்பிடுங்கள்.

வால்வு என்றால் ஹெட் வேலையோடு முடியும், பிஸ்டனைத் தொட வேண்டாம். ரிங் என்றால் லைனரையும் அளந்து பார்க்காமல் புது ரிங் மட்டும் போடாதீர்கள், ஓவலாகத் தேய்ந்த லைனரில் அது உட்காராது. கூடவே ஏர் கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை வளைத்து விரிசல் தேடுங்கள், கிளாம்பை இறுக்குங்கள், ஏர் கிளீனரின் அடியில் தூசியைப் பிடிக்கும் ஆயில் (ஆயில் பாத்) குறி வரை இருக்கிறதா பாருங்கள். வடிகட்டாத தூசி உள்ளே போய்க்கொண்டிருந்தால் புது ரிங்கும் லைனரும் சீக்கிரமே அரைபட்டுப் போகும்.