படர்தாமரைக்கு ஸ்டீராய்டு களிம்பு வேண்டாம்
யாங்கூனில் மழை பிடித்துவிட்டால் லுங்கி கட்டும் இடுப்பில் படர்தாமரை எட்டிப் பார்க்கும். உடனே பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு டியூபைத் தேடாதீர்கள். அரிப்பு அடங்கும், சரி. ஆனால் படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். அதன் வட்ட வடிவமும் கலைந்துபோவதால் டாக்டருக்கே அடையாளம் தெரியாது. சின்னத் திட்டு என்றால் பெரும்பாலும் குளோட்ரிமசோல் என்ற பூஞ்சை எதிர்ப்புக் களிம்பு போதும். மறைந்த பிறகும் 1, 2 வாரம் பூசுங்கள்.

எக்ஸிமா என்ற அரிப்புத் தோல் அழற்சிக்கு ஸ்டீராய்டு நல்ல மருந்துதான், பயந்து ஒதுக்க வேண்டாம். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை களிம்பைப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். முகம், அக்குள், தொடை இடுக்கில் வீரியமானதை டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள், தோல் மெலிந்துவிடும். சிவப்பழகுக்காகப் பூசுவதோ, வேண்டவே வேண்டாம்.