பாதிப் பணம்தான் வந்தது

திருப்பூரில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறேன். ஷார்ட் சர்க்யூட்டில் 4 லட்ச ரூபாய்த் துணி எரிந்தது. பாலிசிதான் 10 லட்சத்துக்கு இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். வந்தது 2 லட்சம்! அன்று குடோனில் இருந்த சரக்கு 20 லட்சம். பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு, அதனால் இழப்பீடும் பாதி. பிரீமியத்தில் மிச்சம் பிடித்த புத்திசாலி நான்தான்.

இந்த முறை சீசன் உச்சத்தில் எவ்வளவு சரக்கு நிற்கும் என்று கணக்குப் போட்டு, பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற, சிறு தொழில்களுக்கான தீ விபத்துக் காப்பீட்டு பாலிசி எடுத்தேன். ஓரிடத்தில் 5 கோடி வரையுள்ள சொத்துக்கானது. காப்பீட்டுத் தொகை சொத்து மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தாலும் அதற்காக இழப்பீட்டை வெட்டமாட்டார்கள். ஜாப் ஒர்க்குக்கு வரும் அடுத்தவர் துணியையும் அதில் எழுதச் சொன்னேன். அப்புறம், பழைய வயரிங்கை மாற்றினேன். மெயின் போர்டு பக்கத்தில் இப்போது துணிக்கட்டு அடுக்குவதில்லை.