செட்டிநாட்டிலிருந்து ஓர் ஆரோக்கிய உணவு நிறுவனம்: பொட்டலத்தின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு உணவுத் தொழில் புதிதன்று. மணகோலம், சீப்புச் சீடை, தேன்குழல் ஆகியவற்றைத் திருமணச் சீருக்கும் வெளிநாடு செல்வோருக்கும் செய்து கொடுக்கும் பலகாரக் கடைகள் இங்கே நிறைய உண்டு. ஆனால், "உடம்புக்கு நல்லது" என்று சொல்லி ஒரு பொருளை விற்கப் புறப்பட்டால் கணக்கு மாறிவிடுகிறது. சுவைக்காக வாங்குபவர் பொட்டலத்தின் முன்பக்கத்தைப் பார்க்கிறார். சர்க்கரை நோய் உள்ளவரும், குழந்தைக்காக வாங்கும் தாயும் அதைத் திருப்பிப் படிக்கிறார்கள். ஆகவே, பின்பக்கத்தில் எதை உண்மையாக அச்சிட முடியும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்பப் பொருளையும் பெயரையும் அமைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டில் ஒரே ஒரு பொருள் போதும். கவுனி அரிசிக் கஞ்சி மாவு, உளுந்தங்களி மாவு, கம்பு மாவு என்று நம் அடுக்களையில் ஆயத்தமாக இருப்பவை பல. பர்மாவில் வணிகம் செய்த நகரத்தார் வழியாக இங்கு வந்த கவுனி அரிசிக்குச் சொல்வதற்கு ஒரு கதையும் இருக்கிறது. அதன் கருநிறம் தவிட்டில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி தருவது. தீட்டினால் அது போய்விடும். ஆயினும் அது மாவுச்சத்து மிகுந்த பசையரிசி என்பதை மறந்து, சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது என்று ஒருபோதும் எழுதாதீர்கள்.

நான் கம்பில் தொடங்கினேன். முதல் தடவை நாற்பது கிலோ கம்பை வெயிலில் காயவைத்து, அப்படியே அரைத்து, அழகான உறைகளில் அடைத்து அனுப்பினேன். பத்தாம் நாள் பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு பொட்டலத்தோடு வந்தார்கள். மாவைச் சிறிது உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் தேய்த்து, மோந்து பார்த்துவிட்டு, "கம்ப வறுக்காமயா அரைச்சீக? காறுதே" என்றார்கள். கம்பின் முளைப்பகுதியில் கொழுப்பு அதிகம். முழுத் தானியமாக இருக்கும்வரை அது கெடாது, அரைத்தவுடன் தானியத்திலேயே உள்ள நொதி அந்தக் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்குவதால் சில நாள்களிலேயே கசப்பு ஏறிவிடுகிறது. அரைப்பதற்கு முன் பக்குவமாகச் சூடேற்றினால் நொதி செயலிழந்துவிடும். விற்ற மாவு முழுவதையும் திரும்பப் பெற்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு அரைப்பிலும் சில பொட்டலங்களை எடுத்து வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒன்றைத் திறந்து, மோந்து, கஞ்சி காய்ச்சிப் பார்த்த பிறகே காலாவதி நாளைக் குறிக்கிறேன். சித்திரை வெயிலில் தாங்காத மாவுக்கு ஆறு மாதம் என்று எழுதுவது ஏமாற்று.

அடுத்தது, வாசகங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) 2018ஆம் ஆண்டு விதிமுறைகளை வரிவரியாகப் படியுங்கள்; விளம்பரத்திலும் உறையிலும் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை வரையறுப்பவை அவை. திட உணவில் 100 கிராமுக்கு 6 கிராம் நார்ச்சத்து இருந்தால்தான் "நார்ச்சத்து மிகுந்தது" எனலாம். சர்க்கரை 5 கிராமுக்கு மேல் இருந்தால் "குறைந்த சர்க்கரை" எனக் கூடாது. கருப்பட்டியும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்துவிட்டு "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று அச்சிடுவது, நம் பகுதியில் நான் அடிக்கடி காணும், மிகவும் வருந்தும் பிழை. "வீட்டில் செய்தது" என்ற சொல்லையும் தொழிற்கூடத்தில் செய்த பொருளுக்குப் பயன்படுத்தக் கூடாது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த எண்களை மட்டும் எழுதுங்கள். தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பரிசோதனை வசதியோடு புதிய தொழில்முனைவோருக்கான பயிற்சியும் உண்டு.

விற்பனைக்கு முன்பே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவோ உரிமமோ பெற்று, அந்த 14 இலக்க எண்ணை உறையில் அச்சிட வேண்டும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை ஆண்டு விற்றுமுதலும் தொழிலின் தன்மையும் தீர்மானிக்கும். பெயரைப் பொறுத்தவரை, "செட்டிநாடு" என்பது ஊர்ப்பெயர். அதை மட்டும் வைத்து வணிகக்குறி உரிமை பெறுவது கடினம். தனித்துவமான ஒரு சொல்லைத் தேர்ந்து, மாவு, அரிசிப் பொருள்களுக்குரிய 30ஆம் வகுப்பில் விண்ணப்பியுங்கள்.

விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். அரை கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கடைக்காரருக்கு 20 விழுக்காடும் விநியோகஸ்தருக்கு 8 விழுக்காடும் போக உங்கள் கைக்கு வருவது 144 ரூபாய். வரி, கூலி, மின்சாரம், ஆய்வகக் கட்டணம், வண்டி வாடகை, திரும்பி வரும் பொட்டலங்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். தானியமும் உறையும் சேர்ந்து 80 ரூபாயைத் தாண்டினால் நான் அந்தப் பொருளை எடுப்பதில்லை. அதனால், தொடக்கத்தில் பெரிய கடைகளின் பின்னால் அலையாமல், காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் நேரடியாக வாங்கக்கூடிய நூறு குடும்பங்களைத் தேடிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொட்டலத்திலும், எந்த அரைப்பில் வந்தது என்பதைக் காட்டும் தொகுதி எண் இருக்கட்டும். எந்த எண் எந்த வீட்டுக்குப் போனது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒரு வீட்டிலிருந்து குறை வந்தால், அதே அரைப்பில் மாவு வாங்கிய மற்ற வீடுகளுக்கு அன்று மாலைக்குள் நீங்களே அழைத்துச் சொல்லிவிடலாம்.