சுப்பீரியர் ஏரிக்கரையில் ட்ரெயிலருடன் கோடைப் பயணம்: ஆயத்தமும் வழியும்

படுக்கை, சமையல், கழிவறை வசதிகளுடன் வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரெயிலருடன் ரொறன்ரோவிலிருந்து சுப்பீரியர் ஏரிக்குப் புறப்பட எண்ணுவோர் பலர், ஏரியை முழுவதுமாகச் சுற்றிவிட வேண்டும் என்றே முதலில் திட்டமிடுகின்றனர். 82,100 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள ஓர் ஏரியை, இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட சுமையை இழுத்துக்கொண்டு இரண்டு வார விடுமுறைக்குள் சுற்ற முயன்றால், தண்ணீரைவிட நெடுஞ்சாலையையே அதிகம் பார்க்க நேரும். ஆகவே சூ சென்ற் மரி நகரிலிருந்து வடக்கே மரத்தன் என்ற சிற்றூர் வரையான ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கரையை மட்டும் எடுத்துக்கொண்டு, சென்ற வழியாகவே திரும்புவதை இங்கு பரிந்துரைக்கிறேன்.

பயணத்தின் முதல் வேலை எடைக் கணக்கு. வாகனம் எவ்வளவு இழுக்கும் என்பதை மட்டும் விற்பனையாளரிடம் கேட்டுத் திருப்தியடைபவர்கள், அந்த வாகனம் தன் முதுகில் எவ்வளவு தாங்கும் என்பதைக் கேட்க மறந்துவிடுகின்றனர். ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய சட்டத்தில் உள்ள ஒட்டுத்தாளில், ஆட்களும் பொருட்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அச்சிடப்பட்டிருக்கும். ட்ரெயிலரின் முன்முனை, வாகனத்தின் பின்னுள்ள இணைப்பான ஹிட்சின் மீது அழுத்தும் எடையும் இந்தக் கணக்கிற்குள்தான் வரும். அது ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும். உதாரணமாக, வெறுமையாக 1,900 கிலோ உள்ள ட்ரெயிலர், தண்ணீர், புரொப்பேன், பாத்திரங்கள், துணிமணி எல்லாம் ஏறியபின் 2,300 கிலோவாகிவிடும். அதில் 12 விழுக்காடு 276 கிலோ. நால்வர் கொண்ட குடும்பம் 300 கிலோ என்று கொண்டால் கூட்டுத்தொகை 576 கிலோ. ஒட்டுத்தாளில் 550 கிலோ என்றிருந்தால், இழுவைத் திறன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த வாகனம் போதாது. எனவே முழுச் சுமையுடன் ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டே ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஹிட்சின் மீதான சுமையைக் குறைக்க எண்ணிப் பொருட்களை ட்ரெயிலரின் பின்பக்கத்திற்கு மாற்றுவது ஆபத்தானது. முன்முனை இலேசானால் ட்ரெயிலர் இடமும் வலமுமாக வாலாட்டத் தொடங்கும். அவ்வேளையில் வாகனத்தின் பிரேக்கைப் பலமாக மிதிக்காமல், வேகமூட்டியிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஓட்டுநருக்கு அருகே பொருத்தப்படும் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவியின் நெம்புகோலால் ட்ரெயிலரின் பிரேக்கை மட்டும் இயக்க வேண்டும். ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோ அல்லது அதற்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் கட்டாயம். சாதாரண G ஓட்டுநர் உரிமத்துடன் 4,600 கிலோ வரை இழுக்கலாம். ஓடும் ட்ரெயிலருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்பதும் சட்டமாகும். பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுக்க முடியாது. பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாற்றிக் கொழுவ வேண்டும். சில்லின் நட்டுகளை, குறிப்பாகச் சில்லைக் கழற்றி மாட்டியிருந்தால், முதல் 80 அல்லது 100 கிலோமீற்றருக்குப் பிறகு மீண்டும் இறுக்கிச் சரிபார்க்க வேண்டும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஜூலைக் கடைசி முதல் ஓகஸ்ட் முடிவு வரை ஏற்றது. ஜூனில் சென்றால் கறுப்பு ஈக்களும் நுளம்புகளும் வெளியில் உட்கார விடமாட்டா. ஏரியின் நீர் ஓகஸ்டிலும் குளிர்ந்தே இருக்கும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் முகாமிடங்களை, வந்திறங்கும் நாளுக்கு ஐந்து மாதங்கள் முன்பிருந்தே முன்பதிவு செய்யலாம். மின்னிணைப்புள்ள இடங்கள் முதலில் தீர்ந்துவிடும் என்பதால், ஓகஸ்ட் பயணத்தை மார்ச்சிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். பதிவு செய்யும்போது ட்ரெயிலரின் உண்மையான நீளத்தையே குறிப்பிட வேண்டும்.

ரொறன்ரோவிலிருந்து 400, 69 ஆகிய நெடுஞ்சாலைகளில் சட்பரிக்குச் சென்று, அங்கிருந்து 17ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினால், சூ சென்ற் மரி சுமார் 700 கிலோமீற்றர். ட்ரெயிலர் இல்லாமல் ஒரே நாளில் போகக்கூடிய இத்தூரத்தை இரண்டாகப் பிரிப்பதே நல்லது. சட்பரியைத் தாண்டி மாசி என்ற சிற்றூரில் உள்ள ஷூட்ஸ் மாகாணப் பூங்கா இரவு தங்க வசதியானது. எரிபொருள் செலவு ஏறத்தாழ இருமடங்காகும் என்று கணக்கிட்டு, வடக்கே செல்லச் செல்லத் தாங்கி பாதியாகும்போதே நிரப்பிக்கொள்ள வேண்டும். சூ சென்ற் மரிக்கு வடக்கே, மொன்றியல் ரிவர் அருகே உள்ள செங்குத்தான ஏற்ற இறக்கத்தில், இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துக்கொள்வது அவசியம். மூஸ் மான்கள் சாலையைக் கடப்பதால், பொழுது சாய்ந்தபின் ஓட்டாமல் இருப்பதே உத்தமம்.

தங்குமிடங்களில் அகாவா பே (Agawa Bay) முகாமையே நான் முதலில் வைப்பேன். சுப்பீரியர் ஏரி மாகாணப் பூங்காவில், கரையை ஒட்டியே அமைந்த முகாம் அது. அருகில் உள்ள அகாவா பாறையில் ஒஜிப்வே மக்கள் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. அவற்றைக் காண நீரை நோக்கிச் சரிந்த பாறை விளிம்பில் நடக்க வேண்டும் என்பதால், அலை அமைதியாக உள்ள நாளுக்காகக் காத்திருக்க, அங்கு குறைந்தது மூன்று இரவுகளாவது ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் நீந்த விரும்பினால், அதே பூங்காவில் உட்புறமாக உள்ள ராபிட் பிளாங்கெட் ஏரியின் நீர் சற்றே இளஞ்சூடானது. மரத்தனுக்கு அருகே, பக்கசா தேசியப் பூங்காவின் ஹற்றி கோவ் முகாம் பயணத்தின் கடைசி எல்லையாக அமையட்டும்.

முகாமிடத்தில் பின்னோக்கி நிறுத்தும்போது, ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கை நகரும் பக்கமே ட்ரெயிலரின் பின்புறமும் நகரும். பின்னால் நின்று வழிகாட்டுபவர் ஓட்டுநரின் கண்ணாடியில் எப்போதும் தெரிய வேண்டும். சில்லுகளுக்குக் கட்டை வைத்தபின்னரே வாகனத்திலிருந்து ட்ரெயிலரைக் கழற்ற வேண்டும். கருங்கரடிகள் நடமாடும் காடு என்பதால் உணவை வெளியே விட்டுவைக்கக் கூடாது. கருவாடு பொரிக்கும் ஆசையை வீட்டிற்குத் திரும்பும்வரை ஒத்திவைப்பதே நலம். விறகை ஊரிலிருந்து கொண்டுசெல்லாமல் முகாமிலேயே வாங்கினால், மரங்களை அழிக்கும் பூச்சிகள் பரவாது.

கழிவறைத் தொட்டியின் அடைப்பானை முகாமில் இருக்கும் நாட்களில் மூடியே வைத்திருக்க வேண்டும். திறந்து வைத்தால் நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு அடியில் இறுகிவிடும். புறப்படும் நாளில், பூங்காவின் கழிவகற்றும் நிலையத்தில் முதலில் கழிவறைத் தொட்டியையும், அதன் பிறகு சமையல், குளியல் நீர் சேரும் தொட்டியையும் திறந்தால், சோப்பு கலந்த இரண்டாவது நீரே கழிவை வெளியேற்றும் குழாயைக் கழுவிவிடும். வாடகை ட்ரெயிலர் என்றால், கையுறைகளும் இந்தக் குழாயும் உள்ளே இருக்கின்றனவா என்பதை எடுத்துக்கொள்ளும்போதே திறந்து பார்த்துவிடுங்கள்.