கல்யாணமான பொம்பளைங்க சர்நேமை ஃபேமிலி ட்ரீல எப்படி ஏத்துறது

ஃபேமிலி ட்ரீ போட ஆரம்பிச்சா முதல்ல முழிக்கிற இடம் இதுதான், கொள்ளுப்பாட்டியோட சர்நேம் கட்டத்துல பிறந்த வீட்டு பேரா, புருஷன் வீட்டு பேரா? பிறந்த வீட்டு பேர்தான், யோசிக்கவே வேணாம். புருஷன் பேர் பக்கத்து கட்டத்துலயே இருக்கு, அதையே இங்கயும் எழுதி என்ன ஆகப்போகுது, பிறந்த வீட்டு பேர் இருந்தாதான் அவங்க அப்பா அம்மா, கூடப்பிறந்தவங்கன்னு மேல தேடிப் போக முடியும்.

அதுக்காக கல்யாணத்துக்கு அப்புறம் வந்த பேரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சென்சஸ், உயில், கல்லறைன்னு பாதி இடத்துல அந்தப் பேர்லதான் இருப்பாங்க. அதை மாற்றுப் பேரா சேருங்க, எந்த வருஷம், எந்த ஆவணத்துல பார்த்தீங்கன்னும் கூடவே போடுங்க. ஃபேமிலி ட்ரீயை ஒரு சாஃப்ட்வேர்லேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்த உதவுற ஜெட்காம் (GEDCOM) 5.5.1 ஃபைல்லயே ஒரே ஆளுக்கு பல பேர் குடுத்து, இது பிறந்த பேர், இது மேரீட் நேம்னு வகை பிரிக்க வசதி இருக்கு.

பிறந்த வீட்டு பேர் தெரியலையா, காலியா விடுங்க. தற்காலிகமா இருக்கட்டும்னு புருஷன் பேரைப் போட்டா சாஃப்ட்வேர் அந்தப் பேர்ல சம்பந்தமே இல்லாத ஆளுங்களைக் காட்டும், நாலு பேர் அதைக் காப்பி அடிச்சதும் அதுவே உண்மை மாதிரி ஆகிடும். "தெரியாது"ன்னு டைப் பண்றதும் எனக்குப் பிடிக்காது, அதையும் ஒரு குடும்பப் பேரா எடுத்து வரிசைப்படுத்திடும்.

ரொம்ப பேர் கோட்டை விடுறது மறுமணத்துல. சும்மா உதாரணத்துக்கு, மேரி ஹில்னு ஒரு பொண்ணு பேக்கர்ங்கிற சர்நேம் உள்ளவரைக் கட்டிக்கிறாங்க, இங்கிலாந்து கல்யாண சர்டிஃபிகேட். அப்பா பேர் ஜான் கிளார்க்னு இருக்கு. பொண்ணு ஹில், அப்பா கிளார்க், எப்படி? சர்டிஃபிகேட்ல "நிலை" (Condition)ங்கிற கட்டத்தைப் பாருங்க, விதவைன்னு இருந்தா ஹில் அனேகமா முதல் புருஷன் பேர், பிறந்த பேர் கிளார்க். அப்புறம் குழந்தையோட பிறப்பு சர்டிஃபிகேட்ல அம்மா பேரு "மேரி பேக்கர், லேட் ஹில், ஃபார்மர்லி கிளார்க்"னு வந்தா முடிச்சு அவிழ்ந்துடும், லேட்னா முந்தின கல்யாணத்துப் பேர், ஃபார்மர்லின்னா பிறந்த பேர். ட்ரீல கிளார்க் முதல்ல, ஹில்லும் பேக்கரும் மாற்றுப் பேர்ல, ஆள் மட்டும் ஒண்ணுதான், ரெண்டு மேரி உருவாக்கிடாதீங்க.

பேரே கிடைக்கலைன்னா பிள்ளைங்க ஆவணத்தைத் தோண்டுங்க. இங்கிலாந்தோட பழைய பிறப்பு இன்டெக்ஸ்ல அம்மாவோட பிறந்த சர்நேம் 1911 செப்டம்பர் காலாண்டுலேர்ந்துதான் வருது, ஆனா ஜி.ஆர்.ஓ (GRO, அங்கத்த பிறப்பு-இறப்புப் பதிவு அலுவலகம்) ஆன்லைன் இன்டெக்ஸ்ல பின்னாடி 1837 வரைக்கும் போகலாம். ஸ்காட்லாந்து இன்னும் சுலபம், 1855லேர்ந்து இறப்புப் பதிவுலயே இறந்தவரோட அம்மாவின் பிறந்த சர்நேமும் கேட்டு எழுதியிருப்பாங்க.

கல்யாணம் ஆனா பேர் மாறியே ஆகணும்னும் நினைக்காதீங்க. ஸ்பெயின், ஐஸ்லாந்துல மாத்துற வழக்கமே கிடையாது, கியூபெக்ல 1981லேர்ந்து சட்டப்படி பிறந்த பேர்தான். ஆவணத்துல பார்க்காத மேரீட் நேமை நீங்களா உருவாக்கி ஏத்தாதீங்க.