மணப்பாடு: ஆளில்லாக் கடற்கரையில் இரண்டு நாள், முதல்முறை போகிறவர்களுக்கு

ஆள் நடமாட்டம் இல்லாத கடற்கரை என்றால் அங்கே தண்ணீர் விற்கிறவரும் இல்லை, நிழலும் இல்லை, அலை இழுத்தால் ஓடி வருகிற ஆளும் இல்லை. இதைக் கணக்கில் வைத்துக் கிளம்புகிறவர்களுக்கு மணப்பாடு அருமையான இடம். திருச்செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். கடலை நோக்கி நீளும் மணல் குன்று, அதன்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில், கீழே புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை, ஊரை ஒட்டிக் கருமேனியாற்றின் கழிமுகம். சனி, ஞாயிறுக்கு இது தாராளம்.

முதலில் தேதி

அமைதி கிடைப்பதும் கிடைக்காததும் தேதியில்தான் இருக்கிறது. செப்டம்பர் 1 முதல் 14 வரை மணப்பாட்டிலேயே திருவிழா. நவராத்திரியில் பக்கத்துக் குலசேகரன்பட்டினம் தசராக் கூட்டத்தில் சாலை நகராது. தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம், கந்த சஷ்டி நாட்களில் திருச்செந்தூரில் அறை கிடைப்பது கடினம். பௌர்ணமி இரவையும் தவிருங்கள்; திருச்செந்தூர்க் கரையில் மக்கள் விடிய விடியத் தங்குகிறார்கள்.

பருவமும் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் எனப்படும் மேல்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். கண் திறந்து உட்கார முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது இந்தப் பருவத்தில்தான். ஜனவரி பாதியிலிருந்து மார்ச் வரை, மேலே சொன்ன நாட்களைக் கழித்து ஒரு வாரக்கடைசியைப் பிடியுங்கள்.

டிக்கெட்டும் அறையும்

சென்னை எழும்பூரிலிருந்து வெள்ளி மாலை செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் சனி காலை திருச்செந்தூர். ஞாயிறு இரவு அதே வண்டியில் திரும்பலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். வாரக்கடைசிக்கு அன்றைக்கே போட்டுவிடுவது நல்லது. இடம் இல்லையென்றால் திருநெல்வேலி வரை வந்து அங்கிருந்து ரயிலோ பேருந்தோ.

அறையைத் திருச்செந்தூரில் எடுங்கள். பேருந்தில் ஏறும்முன் ‘மணப்பாடு ஊருக்குள்ள போகுமா, விலக்குலதான் இறக்கிவிடுவீங்களா?’ என்று நடத்துநரிடம் கேளுங்கள். நண்பகல் வெயிலில் மூட்டையோடு விலக்கிலிருந்து, அதாவது ஊருக்குச் சாலை பிரியும் இடத்திலிருந்து, நடப்பது முதல் நாளையே கெடுத்துவிடும். ஆட்டோ என்றால் போகவரச் சேர்த்துப் பேசி, திரும்பும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

மூட்டை

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். இரண்டு போதும் என்று நினைப்பவர்களுக்கு மதியம் இரண்டு மணிக்குத் தலைவலி தொடங்கும். கூடவே உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சாப்பாட்டுக்குப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, அல்லது புளிச்சோறு. தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெயிலில் சீக்கிரம் புளிக்கும். சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாமல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளித்து ஏறியதும் மறுபடியும் பூச வேண்டும். குப்பைக்கு ஒரு தனிப் பை.

நிழல் கட்டுவது

எட்டு முழ வேட்டி ஒன்று, நான்கடிக் கம்பு இரண்டு (வீடு துடைக்கும் மாப்பின் கம்பு போதும்), நைலான் கயிறு 12 மீட்டர், மஞ்சள் பை நான்கு.

உலர்ந்த மணலில் முளை நிற்காது. காற்று இரண்டு முறை ஆட்டினால் உருவிக்கொண்டு வரும். அதனால் பையில் ஐந்து கிலோ அளவுக்கு மணல் நிரப்பி, வாயைக் கயிற்றால் இறுக்கி, ஓரடிக் குழியில் புதைத்து மேலே மிதியுங்கள். மேலிருக்கும் மணலின் எடையே பையைப் பிடித்துக்கொள்ளும். வேட்டியின் முன் மூலைகள் இரண்டையும் கம்புகளில் கட்டி, கம்பை ஓரடி புதைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் சாய்வாக ஒரு கயிறு பைக்கு. பின் மூலைகள் நேராக மற்ற இரண்டு பைகளுக்கு.

பெரும்பாலோர் தவறுவது பின்பக்கத்தில். வேட்டியின் விளிம்பைத் தரையோடு ஒட்டிக் கட்டினால் கடற்காற்று உள்ளே அடைபட்டு, துணி பாய்மரப் பாய் போல உப்பிக் கம்பைப் பிடுங்கிவிடும். ஒரு முழம் இடைவெளி விடுங்கள், காற்று நுழைந்து வெளியேறட்டும். குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ஆகவே திறந்த பக்கம் வடகிழக்கைப் பார்க்கட்டும். அலை கொண்டுவந்து போட்ட சருகும் பாசியும் காய்ந்து கிடக்கும் கோட்டுக்கு மேலே இடம் பாருங்கள். ஆனால் அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த மேட்டில் வேண்டாம். அந்த வேர்கள்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன.

கடலைப் படித்த பிறகு இறங்குங்கள்

குன்றின்மேல் நின்று பத்து நிமிடம் கரையைப் பாருங்கள். வரிசையாக அலை உடைந்து வெள்ளை நுரை தெரியும். நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நீர் சற்றுக் கருத்தோ கலங்கியோ, நுரை கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அமைதியான இடம் என்று அங்கேதான் இறங்குவார்கள். கரையில் ஏறிய நீர் எல்லாம் திரும்பிப் போகும் வழி அது. அங்கே பள்ளம் இருக்கும், இழுப்பும் இருக்கும். நீரோட்டத்தை மீனவர்கள் நீவாடு என்பார்கள். எங்கே இறங்கலாம் என்று கரையில் வலை பார்க்கும் அண்ணாச்சியிடம் கேளுங்கள், அவர் சொல்லும் இடத்தை விட்டு நகராதீர்கள்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. நீச்சல் சாம்பியனும் அதில் களைத்துப்போவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகி, பிறகு அலையோடு கரைக்கு வர வேண்டும். நீந்தத் தெரியாவிட்டால் முழங்கால் ஆழமே எல்லை. நீர் வற்றும் நேரத்தில் கழிமுக வாயில் இறங்கவே கூடாது.

இன்னொன்று கள்ளக்கடல். தெற்கே பெருங்கடலில் எங்கோ எழுந்த புயலின் அலை, இங்கே வானம் தெளிந்து காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். 2024 மே 6ஆம் தேதி குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் உயிரிழந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். கிளம்புவதற்கு முந்தைய இரவும் அன்று காலையும் ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸின் இணையதளத்தில் தூத்துக்குடி மாவட்ட அறிவிப்பைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் கால்கூட நனைக்க வேண்டாம். அவசரத்துக்கு 108, கடலோரக் காவலுக்கு 1093.

கழிமுகத்தில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். சொறி எனப்படும் ஜெல்லிமீன் பட்டால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். இரண்டும் விஷத்தை உடலுக்குள் இன்னும் செலுத்தும். கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளைச் சுரண்டாமல் இடுக்கியால் மெல்ல எடுங்கள். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனை.

ஊரில்

இது மீனவர் ஊர். காயும் வலையை மிதிக்காமல் சுற்றி நடங்கள். வள்ளத்தில் ஏறிப் படம் எடுக்கும்முன் கேளுங்கள். குளித்த ஈர உடையோடு கோயிலுக்குள் போக வேண்டாம். மீன் வாங்குவதை சனிக்கிழமையே முடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பூசை நாள், இந்தக் கரையில் தொழிலுக்குப் போகமாட்டார்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலமும்கூட. இருட்டியபின் கரையில் டார்ச்சோ நெருப்போ வேண்டாம். வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். ஞாயிறு மாலை நாலரைக்குப் பைகளைத் தோண்டியெடுத்து மணலைக் கொட்டினால், வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு ரயிலுக்கு நிதானமாகப் போய்ச் சேரலாம்.