இரவு ஜெபத்தில் 136-ஆம் சங்கீதம்: கிருபையையும் மன்னிப்பையும் அன்றாடம் தியானிக்க ஒரு வழி

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு நடக்கும். 136-ஆம் சங்கீதம் வாசிக்கிற நாளில் அம்மா ஒவ்வொரு வசனத்தின் முன்பாதியைச் சொல்வார். பிள்ளைகளாகிய நாங்கள் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். 26 வசனங்களுக்கும் 26 முறை அதே பதில். கடைசி வசனம் முடிந்த பிறகும் அம்மா வேதாகமத்தை மூடமாட்டார். "தம்பியின் காய்ச்சலைத் தணித்தவரைத் துதியுங்கள்" என்பார். நாங்கள் பதில் சொல்வோம். "ரேஷன் கடையில் அரிசி தீர்ந்துபோகுமுன் நம் முறை வரச் செய்தவரைத் துதியுங்கள்" என்பார். அதற்கும் பதில் சொல்வோம். ஒருநாள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "காலையில் பிள்ளையைக் காரணமில்லாமல் அடித்த என்னைத் தள்ளிவிடாதவரைத் துதியுங்கள்" என்றார். அடிபட்ட பிள்ளை நான். என் வாயாலும் அந்தப் பதில் வந்தது.

தேவன் அன்புள்ளவர், மன்னிக்கிறவர் என்று நாம் எல்லோரும் அறிக்கையிடுகிறோம். ஆனால் "என் பாவங்களையெல்லாம் மன்னியும்" என்று மொத்தமாகக் கேட்டு மொத்தமாக எழுந்துபோகிறவருக்கு அந்த மன்னிப்பு ஒரு கோட்பாடாகவே நின்றுவிடுகிறது என்பதை நான் என்னிடத்திலேயே கண்டிருக்கிறேன். பெற்ற நன்மையைப் பேர்சொல்லி நன்றி கூறி, செய்த பாவத்தைப் பேர்சொல்லி அறிக்கையிடுகிறபோதுதான் கிருபை நமக்குச் சொந்தமாகிறது. அம்மா செய்த அந்தக் காரியத்தையே ஒரு ஒழுங்காக இங்கே எழுதுகிறேன். இதற்கு இரவில் கால் மணி நேரம், ஒரு வேதாகமம், ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா ஆகியவை போதும். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுவது நல்லது.

அந்த ஒரு சொல்லை அறிந்துகொள்ளுங்கள்

தொடங்குமுன் "கிருபை" என்ற சொல்லோடு ஓர் இரவைச் செலவிடுங்கள். பேச்சுவழக்கில் நாம் இதைப் பெரும்பாலும் இரக்கம் என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்து மனமிரங்குவதுபோல. இந்தச் சங்கீதத்தில் உள்ள எபிரெயச் சொல் ஹெசெட். உடன்படிக்கை செய்துகொண்ட ஒருவர், மற்றவர் தவறினாலும் தாம் தவறாமல், உறவை விடாமல் பற்றி நிற்கிற அன்பை அது குறிக்கிறது. 1871-இல் வெளியான பழைய மொழிபெயர்ப்பு அதைக் கிருபை என்கிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "என்றும் உள்ளது அவரது பேரன்பு" என்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து வாசித்துப் பாருங்கள். ரூத்தின் புத்தகத்தில் நகோமி தன் மருமக்கள் இருவரையும் ஆசீர்வதிக்கும்போதும் இதே எபிரெயச் சொல்தான் வருகிறது. கணவனை இழந்த மருமகள் மாமியாரிடம் காட்டிய அன்புக்கும் வானத்தை விரித்தவரின் அன்புக்கும் வேதம் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

நன்மையிலிருந்து தொடங்குங்கள்

ஜெபத்தில் உட்கார்ந்தவுடனே பாவத்தைத் தேடத் தொடங்குவது நம்மில் பலருக்குப் பழக்கம். அந்த வரிசையை மாற்றுங்கள். 103-ஆம் சங்கீதத்தில் "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்பது இரண்டாம் வசனம். அக்கிரமங்களை மன்னிக்கிறவர் என்பது மூன்றாம் வசனத்தில்தான் வருகிறது. உபகாரங்களை நினைத்த மனம் அறிக்கையிடும்போது, எஜமானுக்கு முன் நடுங்கும் வேலைக்காரனைப்போல் அல்ல, தகப்பனிடம் பேசும் பிள்ளையைப்போல் பேசுகிறது.

முதலில் 136-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். மௌன வாசிப்பில் அந்தப் பதில்வரியைக் கண் தாண்டிப் போய்விடும். வாய் அப்படித் தாண்டிப் போவதில்லை. யூதர்கள் இதைப் பெரிய அல்லேல், அதாவது பெரிய துதி, என்று அழைத்து, எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா இரவில் சொல்கிறார்கள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்வதற்கு ஏற்ற அமைப்பு இது. சங்கீதம் போகும் பாதையையும் கவனியுங்கள். வானம், பூமி, சூரியன், சந்திரன் என்று தொடங்கி, எகிப்து, சிவந்த சமுத்திரம், வனாந்தரம், சீகோன், ஓக் என்னும் ராஜாக்கள் என்று இஸ்ரவேலின் சரித்திரத்துக்குள் நுழைந்து, 23-ஆம் வசனத்தில் "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவர்" என்று நம் வீட்டு வாசலுக்கு வந்து, 25-ஆம் வசனத்தில் எல்லாருக்கும் ஆகாரம் கொடுப்பதில், அதாவது சோற்றுப்பானையில், வந்து நிற்கிறது.

அந்த இடத்திலிருந்து உங்கள் நோட்டு தொடங்கட்டும். அன்றைய நாளிலிருந்து மூன்று வரிகளை, சங்கீதத்தின் அதே வடிவத்தில், "…வரைத் துதியுங்கள்" என்று முடியும்படி எழுதுங்கள். "என் குடும்பத்தை ஆசீர்வதித்தவரை" என்பது போதாது. அதை எந்த நாளிலும் எழுதலாம். "மூன்று மாதமாகப் பேசாதிருந்த அக்காவை இன்று காலை பத்து மணிக்கு என்னை அழைக்கச் செய்தவரைத் துதியுங்கள்" என்று எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பிறகு பதில்வரியை முழுமையாக எழுத வேண்டும். மேற்கோள் குறியிட்டுச் சுருக்க வேண்டாம். கை அந்த மூன்று சொற்களை ஒவ்வொரு முறையும் எழுதுவதற்குள் மனம் அவ்விடத்தில் சற்றுத் தங்குகிறது. மோசமான நாளில் மூன்று வரி கிடைக்காவிட்டால் ஒன்று போதும்.

ஒரு பாவம், ஒரு வாக்கியம், "ஆனால்" இல்லாமல்

"நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்று யோவானின் முதலாம் நிருபம் சொல்கிறது. பாவத்தன்மை என்று பொதுவாகச் சொல்லாமல், பாவங்கள் என்று பன்மையில் சொல்கிறது. எனவே அன்று செய்த ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் "ஆனால்", "ஏனென்றால்", "அவரும்தான்" என்ற சொற்கள் வரக்கூடாது. "அலுவலகத்தில் களைப்பாக இருந்ததால் மகனிடம் எரிந்து விழுந்தேன்" என்பதில் பாதி அறிக்கை, பாதி வக்காலத்து. "மகனிடம் எரிந்து விழுந்தேன்" என்று நிறுத்துங்கள். அந்த முற்றுப்புள்ளி வைப்பது முதலில் மிகவும் கடினமாக இருக்கும்.

பிறகு 103-ஆம் சங்கீதத்தின் 10 முதல் 14 வரையுள்ள வசனங்களை மெதுவாக வாசியுங்கள். நம்முடைய பாவங்களுக்குத் தக்கதாக அவர் நமக்குச் செய்வதில்லை. மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள தூரத்துக்கு அவற்றை விலக்கினார். நாம் மண்ணென்று நினைவுகூருகிறார். வடக்கு நோக்கி நடப்பவன் துருவத்தைத் தாண்டினால் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவான். கிழக்கு நோக்கி நடப்பவனோ எவ்வளவு தூரம் போனாலும் மேற்கைத் தொடுவதில்லை. சங்கீதக்காரர் அதை எண்ணித்தான் பாடினாரா என்று நான் வாதாட மாட்டேன். எனக்கு அது உதவியிருக்கிறது. வாசித்து முடித்ததும் அந்த வாக்கியத்தின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று எழுதுங்கள். அடுத்த நாள் அந்தப் பக்கத்துக்குத் திரும்ப வேண்டாம். யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவரிடம் போக வேண்டியிருந்தால், போவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொள்ள மட்டும் திரும்புங்கள்.

எழுந்துபோகும்போது மனம் லேசாக இல்லையே என்று கலங்குகிறவர்களுக்கு லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் ஓர் இடத்தைக் காட்ட விரும்புகிறேன். தகப்பனை விட்டுப்போய்ப் பன்றிகளோடு இருந்த இளைய மகன் வீட்டுக்குக் கிளம்புமுன் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறான். பரத்துக்கு விரோதமாகப் பாவஞ்செய்தேன், குமாரன் எனப்பட நான் பாத்திரன் அல்ல, உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும் என்பன அந்த மூன்று பகுதிகள். 21-ஆம் வசனத்தில் அவன் தகப்பனிடம் பேசும்போது முதல் இரண்டும் இருக்கின்றன. கூலிக்காரன் என்ற மூன்றாவது பகுதி இல்லை. தகப்பன் அதற்குள் வேலைக்காரரை நோக்கி உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டான். நம்மில் பலர் இரவு ஜெபத்தில் அந்த மூன்றாவது வரியைச் சொல்லிமுடிக்கத்தான் போராடுகிறோம்: இனிமேல் இத்தனை அதிகாரம் வாசிப்பேன், இத்தனை நாள் உபவாசிப்பேன், கூலிக்கு வேலை செய்து கடனைத் தீர்ப்பேன் என்கிறோம். அந்த வரியைச் சொல்ல விடாமல் தகப்பன் குறுக்கிடுவதை ஏற்றுக்கொள்வதே இந்தத் தியானத்தின் நடுப்பகுதி. மனம் லேசாவது இன்றோ நாளையோ வரலாம், வராமலும் போகலாம். வஸ்திரம் ஏற்கெனவே தோளில் போடப்பட்டாகிவிட்டது.

பழைய பாவம் திரும்ப வந்து நிற்கும்போது

பல ஆண்டுகளுக்கு முன் அறிக்கையிட்டு விட்டுவிட்ட ஒன்று ஏதோ ஒரு வாசனையிலோ பேச்சிலோ மீண்டும் எழும்பும். அதை மறுபடி முதலிலிருந்து அறிக்கையிட வேண்டாம். அந்த இரவில் யோவான் சுவிசேஷத்தில் இரண்டு இடங்களைச் சேர்த்து வாசியுங்கள். 18-ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்கிறவர்களோடு நின்று பேதுரு ஆண்டவரை மறுதலித்தது கரிநெருப்பின் அருகே. 21-ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்ததும் கரிநெருப்பின் அருகே. இந்தச் சொல்லுக்குரிய கிரேக்கப் பதம் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. அதே புகைவாசனை பேதுருவின் மூக்கில் ஏறியிருக்கும். மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை "நீ என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டவர், பழைய இரவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், ஆடுகளை மேய்க்கும் வேலையைக் கையில் கொடுத்தார். உங்கள் பழைய நினைவு எழும்போது, மறுநாள் யாருக்காவது செய்ய வேண்டிய ஒரு பணியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடனாளிகளுக்கு மன்னிக்கிற வரி

இறுதியில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லுங்கள். சொத்துப் பங்கீட்டில் உறவினர் ஒருவரோடு மனத்தாங்கல் ஏற்பட்ட காலத்தில், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வரும்போது ஆலயத்தில் என் குரல் தானாகவே இறங்கிவிடுவதைக் கவனித்தேன். சுற்றிலும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் உதடு மட்டும் அசைந்தது. ஆகவே அந்த வரியில் நிறுத்தி, ஒரு பெயரை மனத்தில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மத்தேயு 18-இல் ஆண்டவர் சொன்ன உவமையின் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது உதவும். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ராஜா தன் வேலைக்காரன் ஒருவனுக்கு மன்னித்த கடனான 10,000 தாலந்து என்பது ஆறு கோடி நாள் கூலி. ஓய்வுநாளே இல்லாமல் உழைத்தாலும் 1,64,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்த வேலைக்காரன் தன் உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்துக் கேட்டது 100 வெள்ளிப்பணம், அதாவது மூன்று மாதத்துக்குச் சற்று அதிகமான கூலி. மூன்று மாதக் கூலி சிறிய தொகை அல்ல என்பதையும் பாருங்கள். உங்களுக்கு நேர்ந்த இழப்பு ஒன்றுமில்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை. நான் அந்தக் கணக்கை நோட்டில் போட்டுவிட்டு, கீழே அந்த உறவினரின் பெயரை எழுதினேன். முதல் வாரத்தில் என்னால் அதற்கு மேல் எதையும் எழுத முடியவில்லை. நான்காவது வாரத்தில் "அவருடைய பிள்ளைகளுக்கு ஆகாரம் கொடுக்கிறவரைத் துதியுங்கள்" என்று எழுதினேன். அதன் பிறகு ஆலயத்தில் குரல் திரும்பியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டில் அடிபடுகிறவரிடமும், வன்முறைக்கு ஆளான பிள்ளையிடமும் இந்த வரியைக் காட்டி, பொறுத்துக்கொண்டு அங்கேயே இரு என்று சொல்வது பாவம். மன்னிப்பது என்றால் பழிவாங்கும் உரிமையைத் தேவனிடம் விட்டுவிடுவது. ஆபத்திலிருந்து விலகுவதற்கும், நம்பத்தக்க ஒருவரிடம் சொல்வதற்கும், சட்டத்தின் உதவியை நாடுவதற்கும் அது தடையல்ல.

காலையிலும், இயலாத நாட்களிலும்

காலையில் நீண்ட தியானம் தேவையில்லை. தேவனுடைய இரக்கங்களைக் குறித்து "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று சொல்லும் புலம்பல் புத்தகத்தின் வரியை, கால் தரையில் படுமுன் ஒருமுறை சொன்னால் போதும். எருசலேம் இடிந்து கிடந்தபோது எழுந்த வரி அது. வசதியான காலையில் எழுந்ததல்ல. ஓர் இரவு தவறிவிட்டால், மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்து எழுத முயல வேண்டாம். தேதியைப் போட்டு அந்த நாளிலிருந்து தொடருங்கள்.

நோயிலோ துக்கத்திலோ இருப்பவருக்கு எழுதவும் வாசிக்கவும் இயலாது. அப்போது வீட்டிலுள்ள இன்னொருவர் முன்பாதியை வாசிக்கட்டும். படுக்கையில் இருப்பவர் பதிலை மட்டும் சொல்லட்டும். அம்மாவின் கடைசி மாதங்களில் முன்பாதி என்னுடையதாயிற்று. முழுச் சங்கீதத்துக்கு அவருக்கு மூச்சு போதவில்லை என்பதால் 1, 23, 25, 26 ஆகிய நான்கு வசனங்களை மட்டும் வாசித்தேன். நீங்களும் அவற்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் பிறகு அவசரப்படாமல் காத்திருங்கள்; பதில் வர நேரமாகும், சில நாட்களில் உதடு மட்டும் அசையும்.